கவலைக்காரன் வாசித்த ஸ்டீல் கிற்றார்

போன மாதம் த்ரீ கிங்ஸில் ஒரு பிறந்தநாள் விழா. மேடையில் ஐந்து தமிழ்ப் பிள்ளைகள், ஐந்து பேருக்கும் முன்னால் ஐந்து ஐபாட். என்ன பாட்டு, எந்தச் சுருதி, எத்தனை தரம் சுற்றவேண்டும், எல்லாம் அதிலேயே ஓடுகிறது. காலால் ஒரு கட்டையை அமத்தினால் பக்கம் தானாகப் புரள்கிறது. காதுக்குள் வேறு ஒரு பொத்தான், அதற்குள் தாளம் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கிறதாம். ஆடவந்த சனத்தை ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சனம் மூன்றாவது பாட்டிலேயே ரோல்ஸ் சாப்பிடப் போய்விட்டது.

இடைவேளையில் கீபோர்ட் வாசிக்கிற தம்பி என்னிடம் வந்து, அந்தக் காலத்தில் இதொன்றும் இல்லாமல் எப்படி வாசித்தீர்கள், அடுத்த பாட்டு என்னவென்று தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று இங்கிலிஷில் கேட்டான்.

"பயந்து பயந்து வாசிச்சனான்" என்றேன்.

பகிடி என்று நினைத்துச் சிரித்தான். பகிடியில்லை. பக்கத்தில் நின்ற அவனுடைய தாய், "அப்ப எழுதித் தாங்கோ அண்ணை, சங்க மலரிலை போடுவம்" என்றார். சும்மா சொல்கிறார் என்று விட்டிருப்பேன்; இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் எனக்குச் சொல்லாமல் திருத்துங்கள். சொன்னால் அது எனக்கு இன்னொரு கவலை.

நான் பழகியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மன்னாரில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் ஒரு ஹவாயன் கிற்றார் சும்மா கிடந்தது. மடியில் கிடத்தி, கம்பிக்கு மேலே ஓர் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கிறது; ஸ்டீல் கிற்றார் என்பதும் அதுதான். அதை எடுத்துத் தட்டத் தொடங்கினேன். பிறகு கொழும்பு ஹோட்டல்களில் வெள்ளைக்காரர் சாப்பிடும்போது பின்னால் இருந்து வாசித்தேன். கலியாணம், ஒரு மகள். எண்பத்தொன்றில் இந்த நாட்டில், ஒடாஹுஹு என்ற இடத்தில் கம்பளத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலை விசா கிடைத்து நான் முன்னால் வந்தேன். மனைவி றோஸ்மேரியும் மகள் சுகந்தியும் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் இருந்தார்கள். அவர்களுக்கு விசா வந்ததும் கூப்பிடுவதாக ஏற்பாடு.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கம்பளி மூட்டைகளுக்கு நடுவில் இருந்து வாசிப்பேன். அங்கே சத்தம் வெளியே போகாது என்று நினைத்தேன். கம்பளி ஏற்றிக்கொண்டு வரும் லொறிக்காரர் ஒருவர், ஐம்பத்தைந்து அறுபது வயது இருக்கும், லொறியிலிருந்து இறங்காமலே யன்னலால் தலையை நீட்டிக் கேட்டார்.

"சனிக்கிழமை சும்மாவோ?"

அவர்தான் டெஸ். அவர் கதைத்ததெல்லாம் இங்கிலிஷ், எனக்கு ஞாபகம் இருப்பது தமிழில். லொறி ஓட்டுவது அவருக்கு ஐந்து நாள் வேலை. மிச்ச நாளில் அவர் ஒரு வெஸ்டர்ன் ஸ்விங் பாண்டின் தலைவர், பிடில் வாசிப்பார். வெஸ்டர்ன் ஸ்விங் என்றால் அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கத்துச் சங்கதி. கௌபோய் தொப்பி, பிடில், ஸ்டீல் கிற்றார் எல்லாம் இருக்கும், ஆனால் ஜாஸ்காரரைப் போல ஒவ்வொருவரும் தன் முறை வரும்போது நினைத்தபடி விளாசலாம். முக்கியமான விஷயம், அது கதிரையில் இருந்து கேட்கிற இசையில்லை. சனம் ஆடவேண்டும்.

நான் கேட்டேன், "ஒத்திகை எப்ப?"

"ஒத்திகை பார்த்தால் சுவை போயிடும்."

"பாட்டுகள் என்னென்ன எண்டு எழுதித் தருவீங்களோ?"

"ஏன், உனக்குக் கண் தெரியாதோ? என்ர கையைப் பார்."

பத்து வருசத்துக்கு மேல் நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவியின் கைகூட எனக்கு அவ்வளவு வடிவாக ஞாபகம் இல்லை. ஒரு பாட்டு முடிகிற தறுவாயில் டெஸ் பிடிலைத் தாடைக்குக் கீழே இறுக்கிக்கொண்டு இடதுகையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவார். விரல் மேலே பார்த்தால் ஷார்ப், கீழே பார்த்தால் ஃபிளாட். இரண்டு விரல் மேலே என்றால் டி சுருதி. மூன்று விரல் கீழே என்றால் ஈ-ஃபிளாட். பாட்டின் பெயர் கிடையாது. சுருதி மட்டும்தான். அவர் முதல் வரியை இழுத்த பிறகுதான் என்ன பாட்டு என்றே எங்களுக்குத் தெரியும். பிறகு வில்லால் யாரைக் காட்டுகிறாரோ அவர் தனியாக வாசிக்க வேண்டும். சிலவேளை ஒரே ஆளை இரண்டு தரம் காட்டுவார். சிலவேளை காட்டுகிறமாதிரிக் கொண்டுவந்து தன் காதைச் சொறிவார். இப்படிப்பட்ட மனுசனோடு வேலை செய்தால் நித்திரை எங்கே வரும்?

ஸ்டீல் கிற்றாரில் பிடிக்கிற இடத்துக்குத் தடுப்புக் கட்டை இல்லை. இரும்பு ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் சுருதி கெட்டுவிடும், சபை முழுக்கக் கேட்கும். பயந்தவனுக்கு ஏற்ற வாத்தியம் அது இல்லை. ஆனால் அதுதானே எனக்குத் தெரியும்.

டெஸ்ஸுக்கு இன்னொரு சட்டம் இருந்தது. ஆடுகிறவர்களின் காலைப் பார்த்து வாசிக்க வேண்டும். இரண்டு வேகமான பாட்டு, பிறகு மெதுவாக ஆடுகிற வால்ட்ஸ் ஒன்று. கிழவர்கள் குதிக்காலைத் தூக்காமல் இழுக்கத் தொடங்கினால் இரண்டாவது வேகப் பாட்டு வேண்டாம், உடனே வால்ட்ஸ். பெண்கள் பெண்களோடு ஆடினால் புருசன்மார் பாரில் நிற்கிறார்கள் என்று அர்த்தம், அவர்களை இழுக்கிற பாட்டு ஒன்று போட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தரையில் ஒரு சோடி கால் ஆடினாலும் பாட்டை நிறுத்தக்கூடாது. ஒருமுறை ட்ரம்ஸ்காரனின் கதிரை முறிந்து அவன் பின்னால் விழுந்தான். விழுந்த இடத்தில் இருந்துகொண்டே ஒரு கையால் தாளம் போட்டான். டெஸ் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

நான் சொல்லாத கவலை இல்லை. எங்களை ஏற்றிப்போகிற வானின் பின் ரயர் தேய்ந்துபோயிற்று என்பேன். அம்பிளிபயர் எரிந்து மணக்கிறது என்பேன். ஹார்பர் பாலத்தில் காற்று அடிக்கிறது, பெட்டிகளைக் கட்டவில்லை என்பேன். டெஸ்ஸிடம் எல்லாவற்றுக்கும் ஒரே மறுமொழிதான்: "சரிவரும்." கிற்றார்காரன் விரேமு, இந்த நாட்டின் பூர்வீக இனமான மாவோரிப் பொடியன், சிரித்தால் வாய் காது வரைக்கும். வானில் ஏறியதும் என்னைப் பார்த்து, "இண்டைக்கு மெனு என்ன, அரு?" என்று கேட்பான். கவலைகளின் மெனு. என் முழுப்பெயர் அருளப்பு. அது அவர்களுக்கு வாயில் வராது.

இன்னும் எரிச்சல் என்னவென்றால், டெஸ் மேடையில் என்னை அறிமுகப்படுத்துவது. "ஸ்டீல் கிற்றாரில், ஹொனலூலூவிலிருந்து நேரே வந்த அரு!" நான் ஹொனலூலூவை வரைபடத்தில்கூடப் பார்த்ததில்லை. கீழே இறங்கினால் யாராவது ஒரு அம்மா வந்து, அங்கே கடற்கரை எப்படி என்று கேட்பார். முதலில் திருத்திப் பார்த்தேன். "சிலோன்" என்றால், "அது ஹவாயில் எந்தப் பக்கம்?" என்பார்கள். பிறகு விட்டுவிட்டேன்.

ஞாயிறு பின்னேரங்களில் எங்களுக்கு நிரந்தர இடம், பாலத்துக்கு அந்தப்பக்கம் ஆல்பனிப் பகுதியில் ஒரு கிளப். இப்போது அங்கே ஷொப்பிங் மோலும் பல்கலைக்கழகமும். அப்போது பழத்தோட்டமும் ஆடும். போருக்குப் போய்வந்த பழைய படைவீரர்களின் கிளப் அது. செத்துப்போன தோழர்களுக்கு மரியாதையாக உள்ளே ஒருத்தரும் தொப்பி போடக்கூடாது. போட்டால் பாரில் மணி அடிப்பார்கள், போட்டவன் எல்லாருக்கும் குடிக்க வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆகவே கௌபோய் பாண்டின் ஐந்து தொப்பிகளும் ஒவ்வொரு ஞாயிறும் அம்பிளிபயருக்கு மேலே இருந்தன. பிறகு எதற்குக் கொண்டுபோவது என்று கேட்டேன். "தொப்பியில்லாமல் கௌபோய் பாண்டோ?" என்றார் டெஸ்.

எண்பத்துமூன்று யூலை. பேப்பரில் உள்பக்கத்தில், ஆட்டுவிலைக்குக் கீழே நாலு வரி: கொழும்பில் கலவரம், தமிழரின் வீடுகள் எரிகின்றன. வெள்ளவத்தை என்ற பெயரும் அதில் இருந்தது. தந்தி அடித்தேன், மறுமொழி இல்லை. போன் லைன் போகவே இல்லை. லண்டனில் றோஸ்மேரியின் தம்பி யூட் இருந்தான். அவனும் தேடிக்கொண்டிருந்தான். ஏதும் தெரிந்தால் உடனே எடு என்று அவனுக்கு மூன்று நம்பர் கொடுத்தேன்: நான் இருந்த வீடு, தொழிற்சாலை, ஞாயிறு பின்னேரம் என்றால் கிளப். ஒரு கிழமை முழுக்க ஒரு சத்தமும் இல்லை. இரண்டு உயிரும் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் கம்பள மெஷினுக்கு நூல் கட்டினேன்.

ஞாயிறு டெஸ் வானோடு வாசலில் நின்றார். நான் வரவில்லை என்றேன். சொன்னேன்: என்ர ஊரில் கலவரம், மனிசியும் பிள்ளையும் எங்கே என்று தெரியாது.

"சரிவரும். ஏறு."

என் வாழ்க்கையில் ஒரு மனுசனை அடிக்கவேண்டும் என்று நினைத்தது அந்த ஒரு தரம்தான். இரண்டு வருசமாக ரயருக்கும் காற்றுக்கும் நான் புலம்பியதைக் கேட்ட காதில், இதுவும் ஒரு ரயராகவே விழுந்திருக்கிறது. பிறகு அவர் சொன்னார், "போனுக்கு முன்னால குந்தியிருந்தால் அது அடிக்காது. கிளப்பிலயும் போன் இருக்குத்தானே." அதிலும் நியாயம் இருந்தது. ஏறினேன். அன்றைக்கு விரேமு மெனு கேட்கவில்லை.

மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தரை நிறையச் சனம். பாரில் வேலைசெய்கிற நோரா என்ற அம்மா ரெலிபோனைத் தலைக்கு மேலே தூக்கி என்னைப் பார்த்து ஆட்டினார். கிற்றாரை அப்படியே ஸ்டாண்டில் விட்டுவிட்டு, ஆடுகிற சோடிகளுக்கு நடுவால் ஓடினேன். யார் காலை மிதித்தேனோ தெரியாது.

"அத்தான், யூட் கதைக்கிறன். கேக்குதோ? கொழும்பிலையிருந்து தகவல் வந்தது. அக்காவும் பிள்ளையும்..."

அறுந்துவிட்டது.

"ஹலோ, ஹலோ" என்று கத்தினேன். ஊங்காரம் மட்டும். அந்தப் போனிலிருந்து வெளிநாட்டுக்கு எடுக்கவும் முடியாது, ஊருக்குள்ளே மட்டும்தான். எப்படி மேடைக்குத் திரும்பி வந்தேன் என்று நினைவில்லை. பாட்டு அப்போதும் ஓடுகிறது. நான் இல்லாத இடத்தை மூடுவதற்காக டெஸ் விரேமுவையே திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறார், அவன் வியர்த்துப்போய் நிற்கிறான். நான் வந்து நின்றதும் வில் என் பக்கம் திரும்பியது. வாசிக்கட்டாம்!

"லைன் அறுந்திட்டுது!" என்று கத்தினேன். "இருக்கினமோ செத்திட்டினமோ எண்டு தெரியாது! என்னை என்னத்தை வாசிக்கச் சொல்லுறாய்?"

முதல் பாதி இங்கிலிஷ், மிச்சம் தமிழ். மைக்கில் எல்லாம் கேட்டது.

டெஸ் வில்லைக் கீழே விட்டார். கையை உயர்த்திப் பாண்டை நிறுத்தினார். நடுப்பாட்டில், தரை நிறையக் கால் ஆடிக்கொண்டிருக்கும்போது. சோடிகள் ஒருவரை ஒருவர் பிடித்தபடியே நின்றார்கள். என்ன நடந்தது என்று ட்ரம்ஸ்காரன்கூட வாயைப் பிளந்து பார்த்தான்.

டெஸ் மைக்குக்குக் கிட்டப் போனார். "அரு ஹவாய்க்காரன் இல்லை. அது நான் சொன்ன பொய். அவன் சிலோன். அங்கை அவன்ர ஆட்களை வீடுவீடாய் எரிக்கிறாங்கள். மனிசியும் பிள்ளையும் தப்பிச்சினமோ எண்டு இப்ப ஒரு போன் வந்து பாதியிலை அறுந்துபோச்சு. திரும்ப அடிக்கும். அதுவரைக்கும் ஒருத்தரும் அந்தப் போனிலை கைவைக்கக் கூடாது." பிறகு மேடை விளிம்பில் குந்திவிட்டார்.

அந்தச் சனம் ஆடவுமில்லை, வீட்டுக்குப் போகவுமில்லை, குடிக்கவுமில்லை. நின்றது. பீர் குளிரூட்டுகிற பெட்டியின் இரைச்சல் கேட்டது. ஒருவர் இருமினார், மனைவி இடித்தார். டாக்சிக்குப் போன் எடுக்க வந்த ஒருவரை நோரா கையைக் கட்டிக்கொண்டு பார்த்த பார்வையில் அவர் திரும்பிப்போனார். நான் திரும்பப் போய்ப் பாருக்குப் பக்கத்தில் நின்றேன். வேர்வையில் கையிலிருந்த இரும்பு வழுக்கிக்கொண்டே இருந்தது. அதைக் கொண்டுவந்ததே அப்போதுதான் தெரிந்தது.

போன் அடித்தது. நோரா எடுத்தார். கேட்டார். முகம் சிவந்தது.

"பேர்ட் இஞ்சை இல்லை!" என்று கத்திவிட்டு வைத்தார்.

பேர்ட் என்பவர் இரண்டு முழத் தூரத்தில் நின்றார். அவருடைய மனைவி, சாப்பாடு ஆறுகிறது என்று தேடிப் போன் எடுத்திருக்கிறார். "நன்றி, நோரா" என்றார் பேர்ட் மெல்ல. ஒருத்தரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேனோ அழுதேனோ தெரியாது.

திரும்ப அடித்தது. இந்த முறை நோரா கேட்காமலே என்னிடம் தந்தார்.

"அத்தான், ரெண்டு பேரும் சுகம். பக்கத்து வீட்டுச் சிங்கள ஆட்கள் மூண்டு நாள் ஒளிச்சு வச்சிருந்தவையாம். இப்ப முகாமிலை. நாளைக்குக் கப்பலிலை ஏத்தி, காங்கேசன்துறைக்கு அனுப்பப் போகினமாம்."

"கப்பலோ?"

"ஓம்."

"என்ன கப்பல்?"

"சாமான் கப்பல். எனக்கென்ன தெரியும்?"

"இது காத்துக்காலமெல்லோ! தெற்காலை கடல் கொந்தளிக்கும். றோஸ்மேரிக்குத் தோணியே ஒத்துவராது. சாமான் கப்பலிலை பிள்ளை எங்கை படுக்கும்? சனத்தைக் கூட ஏத்தினால்..."

"அத்தான்! உயிரோடை இருக்கினம் எண்டு சொல்லுறன்!"

வைத்துவிட்டுத் திரும்பினேன். கப்பல்தான் மண்டைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. சபை முழுக்க என் முகத்தையே பார்த்தது.

என் முகம் எப்படி இருந்ததோ, முன்னால் நின்ற ஓர் அம்மா கண்ணைத் துடைக்கக் கைலேஞ்சியை எடுத்தார். ஆண்கள் எல்லாரும் கையைப் பக்கத்தில் வைத்து நிமிர்ந்து நின்று தலையைக் குனிந்தார்கள். தங்கள் செத்த ஆட்களுக்கு ஒவ்வொரு பின்னேரமும் நிற்கிற அதே நிலை. டெஸ் பிடிலைப் பெட்டிக்குள் வைத்தார். விரேமு என்னிடம் வந்து, அவர்களுடைய முறைப்படி நெற்றியையும் மூக்கையும் என் நெற்றியிலும் மூக்கிலும் ஒத்தி வைத்துக்கொண்டு ஏதோ மாவோரியில் சொல்லத் தொடங்கினான்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இல்லை, இல்லை! சுகம்! ரெண்டு பேரும் சுகம்!" என்றேன். "ஆனால் கப்பலிலை போகினம்!"

பிறகு டெஸ் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. கருத்து என்னவென்றால், நல்ல செய்தி கேட்ட மனுசன் வைத்திருக்கிற முகமா இது என்பது. விரேமு என்னை விட்டுவிட்டு நிலத்தில் குந்தியிருந்து சிரித்தான். முன்னால் நின்ற அம்மா அதே கைலேஞ்சியால் என்னை அடித்தார். பிடில் திரும்ப வெளியே வந்தது. டெஸ் நிறுத்திய அதே வரியிலிருந்து தொடங்கினார், தொடங்கின கையோடு வில்லை என் பக்கம் நீட்டினார். ஒரு மனுசன் கண்ணைத் துடைக்க விடவேண்டாமா? வாசித்தேன். சுருதி எங்கே நின்றது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஒரு காலும் நிற்கவில்லை.

திரும்பி வரும்போது வானில் டெஸ் கேட்டார், "கப்பலுக்கு என்ன?" யாராவது கேட்கமாட்டார்களா என்று இரண்டு வருசம் காத்திருந்தவன் நான். காற்று, அலை, சாமான் கப்பலில் கைப்பிடிக் கம்பி இல்லாதது, சுகந்திக்கு ஆறு வயது, இப்படிப் பாலம் தாண்டி ஒடாஹுஹு வரைக்கும் சொன்னேன். நான் இறங்கும்போது அவர், "போருக்குப் போகேக்க நானும் அப்பிடி ஒரு கப்பலிலை போனனான்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தொழிற்சாலை வாசலில் அவருடைய லொறி. அன்றைக்குக் கம்பளி வருகிற நாளில்லை. பேத்தியின் பள்ளிக்கூட அட்லஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"இந்தப் பக்கத்தாலை போகேலாது" என்றார், மன்னார்க் கடலைத் தொட்டு. "ஆழம் இல்லை. பார்த்தனான்."

"ஓம். சுத்திப் போகவேணும்."

நடைபாதையில் குந்தியிருந்து விரலால் காட்டினேன். கொழும்பு, காலி, பிறகு கிழக்காலே திருகோணமலை, பருத்தித்துறை, காங்கேசன்துறை. தன் தடித்த விரலால் அவரும் என் பின்னாலேயே வந்தார்.

"சரியான தூரம்" என்றார். "அந்த மூலையிலை அலை எப்பிடி இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும், டெஸ்?" எனக்குப் பொறுமை போய்விட்டது. இந்தக் கப்பலை நான் ஒருவன் சுமந்தது போதாதா? "கப்பலோட்டிக்குத் தெரியும். போய் வேலையைப் பாருங்கோ."

போனார். புதன்கிழமையும் வந்தார். வியாழன் தொழிற்சாலைக்குப் போன் எடுத்தார், மேற்பார்வைக்காரர் என்னை ஏசினார்.

வெள்ளி பின்னேரம் யூட் எடுத்தான். வந்து சேர்ந்துவிட்டார்கள். பிள்ளை வழி முழுக்கச் சத்தி எடுத்ததாம். றோஸ்மேரி ஒன்றும் நடக்காதது மாதிரிச் சோறு சாப்பிட்டாளாம். யாழ்ப்பாணத்தில் சின்னம்மா வீட்டில் இருக்கிறார்கள்.

உடனே டெஸ் வீட்டுக்கு எடுத்தேன். மனைவி ஷேர்லிதான் எடுத்தார். குரலைத் தாழ்த்திக் கதைத்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு இப்போதுதான் படுத்தாராம், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு மனுசன் ஒழுங்காகக் கண் மூடியது இதுதானாம், நாளைக்குச் சொன்னால் போதாதோ என்றார்.

"எழுப்புங்கோ" என்றேன்.